கேட்டு இறங்குது

அந்த ரயில்வே கேட்டுக்குக் கர்வம் அதிகம். "நான் இறங்கினா மந்திரி காரும் நிக்கணும், தெரியுமில்ல?" என்று, எதிரே இன்ஜின் சூடேறி நிற்கும் டவுன் பஸ்ஸிடம் தினமும் சொல்லும். "ஐயையோ, கேட்டு இறங்குது!" என்று தெருவே அலறுவது அதன் காதில் கைதட்டலாக விழுந்தது. பஸ்ஸுக்குள் எல்லோரும் மணி பார்த்துப் பார்த்துத் திட்டுவார்கள். பஸ் புகை விடும்.

இரண்டு வருஷம் ரயில் மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பின. ஒருநாள் ரயில் தலைக்கு மேலே ஓட ஆரம்பித்தது. கேட்டைக் கழற்றி ஒரு தூணில் சாய்த்து வைத்தார்கள்.

மறுநாள் காலை அதே பஸ் வந்தது. அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"பாத்தியா! கழட்டிப் போட்ட பிறகும் என்னைப் பாத்து நிக்கிற!" என்றது கேட்டு.

அப்போது கண்டக்டர் தேவசகாயம் படியில் நின்று கத்தினார். "கேட்டெல்லாம் இறங்கு! கேட்டு இறங்கு!"

இருபது பேர் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஒருவரும் திட்டவில்லை.

கேட்டு திகைத்துப் போனது. "என் பேரையா சொல்றாரு?"

"இந்த ஸ்டாப்புக்கு உன் பேரையே வெச்சுட்டாங்க" என்றது பஸ்.

"ரைட், ரைட்!" என்று விசில் பறந்தது. மேலே ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடியது. அந்த இடத்தைப் பஸ் முதல்முறையாக மூணாவது கியரில் கடந்தது.

பின்னாலிருந்து கேட்டும் சந்தோஷமாகத் தொண்டை கிழியக் கத்தியது. "போ, போ! நிக்காதே!"