மணிக்குப் பிறகு திறக்காத கதவு

மணி அடித்ததும் அருந்ததி கதவைச் சாத்தினாள். வெக்டர் கால்குலஸ் வகுப்பில் விரிவுரையாளர் வைத்த முதல் விதி அது: பிந்தி வருபவர் யன்னலுக்கு வெளியே நின்றுதான் பாடம் கேட்கலாம். போன கிழமை அவளும் வெயிலில் நின்றவள்தான்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அருந்ததி, பட்டாள ரயிலுக்கு வழி விட்டுத் தெஹிவளையிலை நிண்டிட்டம்."

குரலைக் கேட்டதும் அவள் கை கொக்கிக்குப் போய்த் திரும்பியது.

"விதி எல்லாருக்கும் ஒண்டுதானே?" என்றாள்.

"பாவம், தொறங்களேன்," என்றான் முன்வாங்கில் இருந்த ராசிக்.

வெளியே சிரிப்புக் கேட்டது. "வேண்டாம் தம்பி. யன்னலாலை படிப்பிக்கக் கூடாதெண்டு நான் விதி வைக்கேல்லைத்தானே?"

விரிவுரையாளர் நாகேந்திரம் வெண்கட்டியை யன்னல் வழியே நீட்டினார். வெயிலில் நின்றே அவர் முழுப் பாடத்தையும் சொல்ல, அருந்ததி கரும்பலகையில் எழுதினாள்.

அந்த வாரமே காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று.

புதிய விரிவுரையாளர் எப்போது வந்தாலும் உள்ளே வரலாம் என்றார். மறுநாள் பிந்தி வந்த ராசிக், திறந்திருந்த கதவைக் கடந்து யன்னலடியில் போய் நின்றான்.