பன்றிக்கொடிப் பிரபுவின் கனவு

அந்நாளைய இங்கிலாந்தில் பிரபுக்களைப் பெயர் சொல்லிப் பாடினால் தலை போய்விடும். அதனால் பாடகன் கில்பர்ட் அவரவர் கொடியிலுள்ள விலங்கைப் பாடுவான், அதையும் கனவில் கண்டதாகவே பாடுவான். கனவு கண்டதற்காக யாரைத் தூக்கில் போட முடியும்? நடந்து முடிந்த சண்டைகளை முன்பே கண்டதுபோல் வரிசையாகச் சொல்லி, ஊர் நம்பியதும் கடைசியில் தன் ஆசை ஒன்றைச் சேர்த்துவிடுவான். கரடி ஆற்றில் விழும் என்று அவன் சேர்த்த மறுவாரமே கரடிக்கொடிப் பிரபு ஆற்றில் விழுந்து செத்தார்.

இப்போது பட்டப்பகலில், காட்டுப்பன்றிக்கொடி ஹாமோ பிரபுவின் கூடத்தில், ஜன்னல்களைச் சாத்தி அவனைப் படுக்கவைத்திருந்தார்கள். தலைமாட்டில் எழுத்தர் இறகுப் பேனாவோடு காத்திருந்தார்.

"நான் ராஜா ஆவேனான்னு பாத்துச் சொல்லு. வெளிய என் படை கிளம்பத் தயாரா நிக்குது."

"கனவு கூப்பிட்டா வருங்களா, பிரபு?"

"அப்ப கரடி விழும்னது நீயே கட்டினதா?" பிரபு சிரித்தார். "அதுக்குத் தூக்குதான்டா."

கில்பர்ட் சட்டென்று கண்களை மூடினான். புரண்டான். குறட்டை விட்டுப் பார்த்தான்.

"முழிச்சிருக்கான்," என்றார் எழுத்தர்.

பிரபுவுக்குப் பிடித்த மாதிரி ஒரு கனவை மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே தூங்கிப்போனான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விலங்கு கனவில் உண்மையாகவே வந்தது. விருந்து மேசையில், வெள்ளித் தட்டில், வெட்டிய பன்றித்தலை. அதன்மேல் கிரீடம். சுற்றிலும் கத்தி தீட்டும் சத்தம்.

விழித்தபோது பிரபுவின் முகம் மூக்கருகே இருந்தது. "கிரீடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு, பிரபு."

பிரபு படைத்தலைவனைக் கூவி அழைத்தபடி வெளியே ஓடினார். எழுத்தர் நகரவில்லை. பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்:

"பன்னி எப்படி இருந்துச்சு?"