இழுபடாத படகு

மூன்றாவதாகப் பார்க்க வந்தவரையும் கேப்டன் படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

முதலில் வந்தவர் ஓட்டல்காரர். எஞ்சின் அறையைச் சமையலறை ஆக்கப் போவதாகச் சொன்னார். "அப்படியே என்னையும் வெட்டி அடுப்புல வச்சிடுங்க" என்று கேப்டன் சொன்னதும் எழுந்து போய்விட்டார். அடுத்தவர் பூங்காவில் வைத்துச் சறுக்குமரம் ஆக்கலாம் என்றார். அவருக்குக் கேப்டன் வாசலைக் காட்டினார்.

மூன்றாமவர் தங்கமான மனிதர். ஆற்றின் மேல்பக்கம் பழைய படகுகளுக்கென்றே அருங்காட்சியகம் நடத்துகிறவர். ஒரு ஆணியைக்கூட மாற்ற மாட்டேன், குழந்தை மாதிரி வைத்துக்கொள்வேன் என்றெல்லாம் சொன்னார். கடைசியில், "நாங்களே வந்து இழுத்துட்டுப் போயிடறோம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அங்கேதான் கெட்டது காரியம்.

கட்டைக்காளை ஓர் இழுவைப் படகு. துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பது அதன் தொழில். ஆள் குட்டை, இழுப்பு அசுர இழுப்பு. கேப்டன் சொல்லும் கதைகளில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும், புயலில் மூன்று கப்பல்களை ஒரே கயிற்றில் கோத்து இழுத்து வந்தது மிஞ்சும். தள்ளுபடியான பாதியில் அது ஒரு தீவையே நகர்த்தியிருந்தது.

இப்போது அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று. மழைக்காலத்துக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் உடைத்து இரும்பாக்கிவிடுவோம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆயுசு முழுக்க ஓட்டிய மரியாதைக்கு, இடம் தேடும் பொறுப்பைக் கேப்டனிடமே விட்டிருந்தார்கள்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னைக் கட்டிக் குடுக்கறப்பகூட நீங்க இவ்வளவு யோசிக்கலியேப்பா."

"யோசிச்சிருக்கணும்" என்றார் கேப்டன்.

அது மருமகனுக்கு விட்ட குத்து. கட்டைக்காளையின் இடத்துக்கு வந்த புதுப் படகை ஓட்டுகிறவர் மருமகன்தான். அது வந்த நாள் முதல் கேப்டன் அவரோடு பேசுவதில்லை. ஒரே மேஜையில் சாப்பிட்டாலும் அவர் 'அந்தப் புதுப் படகுக்காரர்'.

மகள் போய்க் கெஞ்சி அருங்காட்சியகக்காரரை மறுபடி அழைத்து வந்தாள். கேப்டன் துறைமுகமே கேட்கும்படி தன் நிபந்தனையைச் சொன்னார்.

"ஊரையெல்லாம் இழுத்தவன் இவன். இவன் கழுத்துல எவனும் கயிறு போடக் கூடாது. சொந்த எஞ்சின்ல வந்து சேருவான். வழியில நின்னு, எவனாவது இழுத்துட்டுப் போற மாதிரி ஆச்சுன்னா, அந்த இடத்துலயே உடைச்சுப் போட்டுடுங்க."

கிழவருக்குக் கொழுப்பு என்று சொல்லாதவர்கள் இல்லை.

புறப்படும் நாளில், பாதுகாப்புக்காகப் புதுப் படகும் பின்னால் வரும் என்று துறைமுகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்.

முகத்துவாரத்தில் மணல்மேடு கட்டைக்காளையின் அடிவயிற்றை லேசாக உரசியது. அதே சமயம் வயர்லெஸ்ஸில் மருமகன் குரல் வந்தது.

"மாமா, எங்க எஞ்சின் நின்னுபோச்சு. கொஞ்சம் இழுத்துட்டுப் போக முடியுமா?"

கேப்டன் காதையே நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நீரோட்டம் வேகமாக இருக்கிறது, நீளக் கயிறு வேண்டாம், எங்கள் மூக்கை உங்கள் பின்பக்கம் ஒட்டிச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறோம் என்றார் மருமகன். கேப்டன் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

அவ்வளவு பாரம் சேர்ந்தும் எஞ்சின் முன்னைவிட லேசாகச் சுற்றியது. பயலுக்கு இளமை திரும்பிவிட்டது என்று கேப்டன் பூரித்துப்போனார்.

பழசு புதுசை இழுத்து வருகிற அதிசயத்தைப் பார்க்க இரண்டு கரையிலும் கூட்டம். கைதட்டல் வானத்தைத் தொட்டது. யாரோ ஒருத்தர் மருமகனைப் பார்த்து, "துடுப்பு இருக்கு, கடன் தரட்டுமா?" என்று கேட்டார். மருமகன் தலை நிமிரவில்லை.

அருங்காட்சியகத்தில் படகுக்கென்று ஒரு சிமெண்ட் குழி தயாராக இருந்தது. அதன் வாயில் மருமகன் கட்டை அவிழ்த்துவிட, கட்டைக்காளை வந்த வேகத்திலேயே ராஜா மாதிரி உள்ளே போய் நின்றது. மதகை மூடித் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார்கள்.

அது வற்றும்வரை கேப்டன் பேசினார். புதுசெல்லாம் பளபளப்போடு சரி, உழைப்புக்குப் பழசுதான் என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும்ப்பா. பத்து பேர் நடுவுல அவரை இப்படியா பேசுவீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்."

தண்ணீர் இறங்க இறங்க, படகின் வயிறு தெரிந்தது. ஒவ்வொரு தழும்பையும் காட்டி ஒவ்வொரு கதை சொல்லிக்கொண்டே பின்பக்கம் வந்த கேப்டன், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

விசிறியைக் காணோம். தண்ணீரைத் தள்ளிப் படகை நகர்த்துகிற விசிறி இருக்க வேண்டிய இடத்தில், வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் படகு ஒரு முழம் நகராது.

"குழிக்குள்ள நுழையறப்பக் கழண்டு விழுந்திருக்கும் மாமா" என்றார் மருமகன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

கேப்டன் குழியைப் பார்த்தார். துடைத்துவைத்த மாதிரி சிமெண்ட் தரை. வேறொன்றும் இல்லை.

மகளுக்கும் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குறும்பாகக் கேட்டாள்: "இழுத்துட்டுப் போற மாதிரி ஆனா உடைச்சுப் போடச் சொன்னீங்களேப்பா?"

கேப்டன் மருமகனின் தோளில் கைபோட்டு, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இழுத்தாத்தானேம்மா உடைக்கணும்? முகத்துவாரத்துலேர்ந்து இதைத் தள்ளிட்டுல்ல வந்திருக்கார், நம்ம வீட்டு மாப்பிள்ளை."