ஒரு முழம் தள்ளி

டேப்பை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி ஒட்டினாள்.

நான்கு முனையும் படிய, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். குனிந்தபோது சட்டைப் பையில் இருந்தது விலாவில் குத்தியது. அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

திரைக்கு அந்தப் பக்கம், வட்டாரப் பள்ளி நாடக விழாவுக்கு வந்த கூட்டம் சளசளத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், முந்தைய காட்சியின் கட்டிலை இழுத்துப் போனவர்கள் அதன் காலோடு பழைய டேப்பையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மறுபடி ஒட்டுவது இவள் பொறுப்பு. யாராவது கேட்டால், அவசரத்தில் பிசகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு முழம் போதும்.

கடைசிக் காட்சிக்கு மேலேயிருந்து ஒரே ஒரு வட்ட வெளிச்சம்தான். அதில் ஓர் ஆள் நிற்க மட்டுமே இடம். இடிக்கப்போகிற வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அம்மாள், இருட்டில் நடந்து வந்து வெள்ளை டேப்பின் மேல் நிற்க வேண்டும். முதல் வசனத்தைச் சொன்ன பிறகுதான் விளக்கு எரியும். அப்புறம் கால் நகரவே கூடாது.

போன வருடம் வேறொரு பள்ளிப் பையன் இடம் தவறி, முழு வசனத்தையும் இருட்டில் நின்றே பேசி முடித்தான். முகமே தெரியாதவனுக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று நடுவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

இந்த வருடம் அப்படி நிற்கப்போவது சித்தி மகள்.

வீட்டில் அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர். சித்திக்கு வேலை மாற்றல் வந்ததிலிருந்து அவள் இருப்பது இவள் அறையில், படிப்பது இவள் மேசையில், போர்த்திக்கொள்வது இவள் போர்வையில் பாதி.

இந்த வேடத்துக்கு ஆள் எடுத்த அன்று சோடாபுட்டி வந்ததே இவளுக்குத் துணையாகத்தான். வசனத்தை மனப்பாடம் செய்து, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுது பழகி, தொண்டை கட்டிப்போய் இவள் நின்றாள். நாடக ஆசிரியை ஓரமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, சும்மா நீயும் ஒரு தடவை படியேன் என்றார்.

சும்மா படித்தாள். அவ்வளவுதான்.

இவளுக்குக் கிடைத்தது, பக்கவாட்டுப் படுதாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு குட்டி டார்ச், மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. நீதாம்மா நாடகத்துக்கே முதுகெலும்பு என்று ஆசிரியை தட்டிக்கொடுத்தார்.

முதுகெலும்பை யார் பார்க்கிறார்கள்?

வீட்டிலும் அதே கூத்துதான். பெற்ற அம்மாவே சித்தி மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். நீ சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், அவள் தொண்டைக்கு வெந்நீர் வைத்தாயா என்று கேட்டாள்.

வைத்தாள். வயிறு எரிய எரிய வைத்தாள்.

விளக்குகள் அணைந்தன.

இவள் நாற்காலிக்குத் திரும்பி டார்ச்சைப் போட்டாள். வரி பார்க்க அல்ல, எல்லா வரியும் இவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பழக்கதோஷம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து காலடிச் சத்தம் மெதுவாக வந்தது. நடுவில் கொஞ்சம் தயங்கியது. அரை அடி பின்னால் போனது. நின்றது.

முதல் வசனம் வந்தது. விளக்கு எரிந்தது.

சோடாபுட்டி வட்டத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

டேப் ஒரு முழம் தள்ளி, இருட்டில், கேட்பாரற்றுக் கிடந்தது.

அங்கே அவள் பேசப் பேச இங்கே இவள் உதடும் கூடவே அசைந்தது. இவள் எப்போதும் மூச்சு விட்டு நிறுத்தும் இடத்தில் அவள் நிறுத்தவில்லை. அடுத்த வரியின் பாதியில் நிறுத்தினாள். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

அது இன்னும் நன்றாக இருந்தது. அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

திரை விழுந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை. மேடை விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன. சோடாபுட்டி படுதாவைத் தடவிக்கொண்டே வந்து, இவள் தோளைத் தேடிப் பிடித்தாள்.

"எங்க நீ டார்ச்சைப் போட மறந்துடுவியோன்னு உசுரே போயிடுச்சுக்கா. கண்ணாடி இல்லாம எனக்கு என் காலே தெரியாது, இதுல டேப்பு எங்க தெரியும்? படுதா இடுக்குல உன் வெளிச்சம் எங்க நின்னா தெரியுதோ, அதான் தினமும் என் இடம். டீச்சர்கிட்ட போட்டுக் குடுத்துடாதே."

மூச்சிரைக்கச் சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கண்ணாடியக் குடு. மேடைய ஒரு தடவையாவது ஒழுங்காப் பாத்துக்கறேன்."

இவள் கை சட்டைப் பைக்குள் போனது. பத்திரமா வெச்சுக்கோ என்று நாடகம் தொடங்கும் முன் அவள் கழற்றிக் கொடுத்தது, இத்தனை நேரமும் விலாவில் குத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

சித்தி மகளின் தோளுக்குப் பின்னால், பளீரென்ற வெளிச்சத்தில் வெள்ளை டேப் தெரிந்தது. நான்கு முனையும் படிந்து, ஒரு சுருக்கம் இல்லாமல். அவசரத்தில் ஒட்டியது என்று சின்னக் குழந்தைகூட நம்பாது.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பைக்குள் போன கை வெளியே வரவில்லை.