பேட்டரிக்குள் பார்த்தவர்கள்

1987. கோச்சடையில் ஜெயக்கொடியின் கல்யாணத்தன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மைக்செட் விருமாண்டி பழைய லாரி பேட்டரியில் பாட்டுப் போட்டார். பாட்டு பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று, மணப்பெண்ணின் தோழி ராதாமணி கல்லூரியில் தானே செய்த டிஜிட்டல் மீட்டரால் பேட்டரியை அளந்தாள். அது எட்டு பிட் மீட்டர்; பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் 255 வரைதான் எண்ணும். இப்போது 256 காட்டியது. மாப்பிள்ளை கார் பேட்டரியில் வைத்தால் மீட்டர் சரியாகவே காட்டியது.

"அண்ணே, இப்படி ஒரு நம்பரே வராது."

"பாட்டு கேக்குதுல்ல தாயி, அம்புட்டுத்தான்."

தாலி கட்டும்போது 290. பந்தலே ஆடியது, ராதாமணியும் ஆடினாள்.

சாயங்காலமும் கரண்ட் வரவில்லை. தண்ணீர் ஊற்றலாமென்று விருமாண்டி பேட்டரியின் மூடிகளைக் கழற்றினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே ஈயத்தகடு ஒன்றுகூட இல்லை. வெறும் பெட்டி. குழாய் ஸ்பீக்கரில் அடுத்த பாட்டு தொடங்கியது.

"மூடிருவோம் தாயி," என்றார் விருமாண்டி மெதுவாக. "பொண்ணு மாப்ள இன்னும் ஆடுறாக."