புரட்டிப் போட்ட பயறு

"மொத்தத்தையும் கொன்னுட்டீங்களே, மாப்ளே!"

மாமியார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். டிராக்டரை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கிய மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலப்பையில் ஏதாவது ஜீவன் மாட்டிக்கொண்டதோ என்று குனிந்து வேறு பார்த்தார்.

"அங்க என்ன பாக்குறீங்க? அறுத்த நெல்லுத் தாளுக்குள்ள உளுந்து இருந்துச்சு! நெல்லறுக்க ஒரு வாரம் முன்னாடியே, சேறு காயறதுக்குள்ள விதைச்சிடுவோம். அந்த ஈரத்துலயே முளைச்சு வந்துடும். அறுத்த கையோட யாராவது உழுவாங்களா?"

அவர் ஊரில் உழுவார்கள். அங்கே வருஷம் முழுக்க வாய்க்காலில் தண்ணீர். மூன்று போகமும் நெல்தான். அறுப்பு இயந்திரம் ஒரு பக்கம் வெளியேறினால் டிராக்டர் மறுபக்கம் இறங்கிவிடும்.

மாமனார் வீட்டோடு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மாமனார் மூத்த மகளைப் பார்க்கப் போயிருக்கும் இந்த மூன்று நாளில், சும்மா கிடக்கிற நிலத்தை உழுது வைத்து நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நினைத்தார். வாங்கினாரே, பெயர்!

"ஒரு பச்சைகூட என் கண்ணுல படலியே, அத்தை..."

"டிராக்டர் மேல உக்காந்தா விரலளவு செடி எங்க தெரியும்? சீட்டுக்கட்டைப் பார்த்தா வீட்டையே மறக்கிற உங்க மாமா, அன்னிக்கு என்னமோ நேரா வயலுக்குப் போய் விதைச்சிட்டு வந்தேன்னாரு. எனக்கே அதிசயமா இருந்துச்சு. அதுல போய் மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"இன்னொரு தடவை விதைச்சா?"

"ஈரம்தான் போயிடுச்சே. அடுத்த மழை வரைக்கும் இனி இது வெறும் தரை."

மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அந்த உளுந்தை நம்பித்தான் மச்சினியை நர்சிங் படிக்க அனுப்புவதாக இருந்தார்கள். மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சினிதான் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு, "பரவால்ல அத்தான், அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

சாயங்கால பஸ்ஸில் மாமனார் வருகிறார் என்றதும் யார் சொல்லியும் கேளாமல் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிவிட்டார். அடுத்தவர் வாயால் தெரிவதற்குள் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எப்படிச் சொன்னாலும் குற்றம் குற்றமாகவே இருந்தது.

மாமனார் பையோடு இறங்கினார். "என்ன மாப்ளே, நீங்களே வந்துட்டீங்க?"

"மாமா, தப்புப் பண்ணிட்டேன். தெரியாம வயலை உழுதுட்டேன். நீங்க விதைச்ச உளுந்து பூரா மண்ணுக்குள்ள போயிடுச்சு."

மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்தார். அப்படியே அங்கிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கை நீட்டி அடிச்சாக்கூட வாங்கிக்கறேன். மச்சினி படிப்பைக் கெடுத்த பாவி நான்தான், மாமா."

"உங்க அத்தை என்ன சொன்னா?"

"அழுதாங்க. நீங்க பாடுபட்டு விதைச்சதாச்சேன்னு ரொம்ப அழுதாங்க."

"சின்னவ?"

"பரவால்லன்னுட்டா, மாமா. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

மாமனாரின் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலில் விழவே குனிந்துவிட்டார்.

மாமனார் பதறிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்தார். பஸ் போய்விட்டிருந்தது; பக்கத்தில் ஓர் ஆளில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"விதை மூட்டையை நான் இன்னும் பிரிக்கவே இல்ல, மாப்ளே."