பச்சை விளக்கு

மலைப்பாம்பு வளர்க்க உரிமம் கேட்டிருந்தான் சிவநேசன். சோதிக்க வீட்டுக்கு வந்த அதிகாரி அவன் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார். பாம்பைத் தொட்டதும் மனம் அமைதியடைந்தால் பட்டையில் பச்சை விளக்கு எரியும், எரிந்தால்தான் உரிமம்.

“வாடா கண்ணு,” என்று பாம்பை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். உடனே பச்சை எரிந்தது.

“இவ்வளவு சீக்கிரமா எரிஞ்சு நான் பார்த்ததே இல்லீங்க,” என்றார் அதிகாரி.

அவன் மனைவி வளர்மதிக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை ஒருநாளாவது கண்ணு என்று கூப்பிட்டிருப்பானா?

“பட்டையைக் கழட்டாதீங்க சார்,” என்றாள். “ஒரே ஒரு தடவை என் கையைப் பிடிக்கச் சொல்லுங்க.”

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். பாம்பை இறக்கி வைத்துவிட்டு, அவசர அவசரமாகப் பட்டையின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினான் சிவநேசன்.